பரமதத்தன் கேட்ட இரண்டாவது மாம்பழம்

ஆனிப் பௌர்ணமிக் காலை. விழிதியூரில் வேன் கிளம்பும் முன்பே அந்த வீட்டு ஆட்களின் சுபாவம் ஒவ்வொன்றாக வெளியே வர ஆரம்பித்துவிட்டது. அண்ணி தண்ணீர் பாட்டிலையும் மாத்திரைப் பையையும் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறார். அண்ணன் அதற்குள் தெருமுனைக்குப் போய் டிரைவரோடு சிரித்துக்கொண்டிருக்கிறார். தோளில் பெரிய துண்டு, மாம்பழம் பிடிப்பதற்கென்றே. "கூட்டத்துல நசுங்குறதுக்கு ஒரு வேன் வாடகை" என்று சொல்லிக்கொண்டே பெரியப்பா முதல் ஆளாக முன்சீட்டைப் பிடித்துக்கொண்டார். பெரியம்மா யாரோடும் பேசவில்லை. முந்தின நாள் திருக்கல்யாணம் பார்த்துவிட்டு வந்தவர். "நேத்துதான் தம்பி, புள்ளை கழுத்துல தாலி ஏறிச்சு" என்றார் என்னிடம். பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். புனிதவதியைச் சொல்கிறார்.

கேட்பவரும் உள்ளே இறங்கி ஏதாவது செய்யலாம் என்கிற வகைக் கதைசொல்லல் இன்றைக்குப் பெரிய வியாபாரம். கம்ப்யூட்டர் விளையாட்டு, நாமே முடிவைத் தேர்ந்தெடுக்கும் படம் என்று பல வடிவம். அதன் கூடவே ஒரு கேள்வியும் வளர்ந்திருக்கிறது. ஒரே கதைக்குள் இறங்குகிறவர்களில் ஒருவர் உருகிப்போகிறார், இன்னொருவர் கொட்டாவி விடுகிறார். இதில் கதைக்கு எவ்வளவு பங்கு, ஆளின் சுபாவத்துக்கு எவ்வளவு பங்கு? ஆய்வுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்பதைவிட, காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்கு ஒரு குடும்பத்தோடு போய் வந்தால் இதற்கு நல்ல பதில் கிடைக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். அதனால்தான் விழிதியூர்.

நிரவி கொம்யூனைச் சேர்ந்த ஊர் இது. கடல் பக்கம் தவிரச் சுற்றிலும் தமிழ்நாடு, நடுவே புதுச்சேரி அரசின் கீழ் காரைக்கால் மாவட்டம். பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பரில் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள், 'கொம்யூன்' என்ற அவர்களின் நிர்வாகப் பிரிவுப் பெயர் மட்டும் போகவில்லை. வேன் வயல்களைக் கடந்து நிரவிக்குள் நுழைந்து, அரசலாற்றுப் பாலம் ஏறி இறங்கியதும் டவுன். அதற்கு மேல் வண்டி போகாது. நடைதான்.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். காரைக்கால் வணிகர் தனதத்தனின் மகள் புனிதவதி, பின்னாளில் காரைக்கால் அம்மையார். மாப்பிள்ளை நாகப்பட்டினத்துப் பரமதத்தன். அவனுக்கு யாரோ கொடுத்த இரண்டு மாம்பழங்களை வீட்டுக்கு அனுப்புகிறான். பசியோடு வந்த சிவனடியாருக்குச் சோறு மட்டும்தான் தயார், கறி ஆகவில்லை. ஒரு பழத்தை எடுத்துச் சோற்றோடு இட்டுவிடுகிறாள். மத்தியானம் சாப்பிட வந்த பரமதத்தன் மிச்சப் பழத்தைத் தின்றுவிட்டு இரண்டாவதையும் கேட்கிறான். அவள் உள்ளே போய் இறைவனை நினைக்க, கையில் ஒரு பழம் வருகிறது. சுவை வேறாக இருக்கவே எங்கே கிடைத்தது என்கிறான். சொல்கிறாள். அப்படியானால் இன்னொன்று வரவழை என்கிறான். வருகிறது, அவன் கையில் பட்டதும் மறைந்துபோகிறது. பயந்தவன் கப்பலேறிப் போய்ப் பாண்டி நாட்டில் வேறு கல்யாணம் செய்துகொள்கிறான். பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பேர் வைக்கிறான். தேடி வந்த முதல் மனைவியின் காலில் குடும்பத்தோடு விழுகிறான். அவள் உடம்பை உதறிப் பேயுருவம் வாங்கிக்கொண்டு, தலையால் நடந்து கயிலைக்குப் போகிறாள். பெரிய புராணம் சொல்லும் இந்தக் கதையைத் திருவிழா சில நாட்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒரு நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் கல்யாணம், பௌர்ணமியன்று பிட்சாடனர் வீதியுலா, அன்று மாலை அமுது படையல், இரவெல்லாம் பரமதத்தனைத் தேடிப் போகும் பயணம், விடியலில் கயிலைக் காட்சி. மேடை கிடையாது, திரை கிடையாது. ஊர் வீதிகள்தான் களம்.

பாரதியார் வீதியில் எள் போட இடமில்லை. அண்ணனுக்குத் தெரிந்தவர் வீட்டு மாடி எங்களுக்குக் கிடைத்தது. அவர்கள் வீட்டில் பிரார்த்தனை நிறைவேறிய வருஷம். கூடை கூடையாகப் பழம் அடுக்கியிருந்தது. மேலே பங்கனப்பள்ளி, அடியில் சின்னச் சின்னதாக வேறு ஏதோ ரகம். "பெருசு சாமிக்கு, சிறுசு சனத்துக்கு" என்றார் வீட்டுக்காரர், ஒளிவு மறைவில்லாமல்.

பவழக்கால் சப்பரம் வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டது. பிச்சைக்கார வேடத்தில் சிவபெருமான். வீட்டுக்கு வீடு தட்டு நீட்டி அர்ச்சனை செய்கிறார்கள். ஆக, வாசலில் நின்று பழம் கொடுக்கும் ஒவ்வொருவரும் அந்த நிமிஷத்துக்குப் புனிதவதிதான். யாரும் அப்படிச் சொல்லிக் கொடுப்பதில்லை, வேஷமும் போடுவதில்லை. சப்பரம் கடந்ததுமே மாடிகளிலிருந்து பழம் பறக்க ஆரம்பிக்கிறது. கீழே ஆயிரம் கைகள்.

அண்ணன் மாடியில் நிற்கவே இல்லை. சப்பரம் தெருமுனையில் தெரிந்ததும் இறங்கி ஓடிவிட்டார். அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழம் பிடிப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. கையை நீட்டுகிறவனுக்குப் பழம் கிடைப்பதில்லை, பட்டுத் தெறித்துப் போகிறது. அண்ணனும் முன்பின் தெரியாத ஒரு ஆளும் துண்டின் இரண்டு முனைகளையும் பிடித்துத் தளர்வாக விட்டு, எறிகிறவர் தோளைப் பார்த்தே நாலடி பின்னால் நகர்ந்தார்கள். விழுந்தது. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அந்த ஆள் எந்த ஊர் என்று பிறகு கேட்டேன். "யாருக்குத் தெரியும்" என்றார் அண்ணன்.

அண்ணி மாடிக் கைப்பிடிச் சுவரோரம் நின்று, கீழே குழந்தைகள் தலையில் பழம் விழுகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எறிந்தது கொஞ்சம்தான்; யாராவது ஒருவரின் கண்ணைப் பார்த்துச் சைகை செய்துவிட்டு, மெதுவாகப் போட்டார். பேத்திக்கு ஒன்பது வயது. அவள் எறிந்தாள், எறிந்தாள், கூடை காலியாகும்வரை எறிந்தாள். பொறியியல் படிக்கும் பேரன் செல்போனில் படம் எடுத்தான். பெரியப்பா ஒரு பழத்தை முகர்ந்து பார்த்து, "கல்லு வச்சுப் பழுக்க வச்சது" என்று தீர்ப்பு சொன்னார். பெரியம்மா பழத்தைத் தொடவே இல்லை. சப்பரம் போன திசையைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். இவர்கள் எல்லாருக்கும் அன்று காலை நடந்தது ஒரே கதை.

மனவியலார் ஆளின் சுபாவத்தை ஐந்து பெரும் பண்புகளில் அளக்கிறார்கள்: புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, வெளிமுகத் தன்மை, இணக்கம், மனக்கலக்கம். அண்ணனையும் அண்ணியையும் இந்தப் பட்டியலில் உட்காரவைக்க எந்த வினாத்தாளும் வேண்டியதில்லை. ஆனால் பெரியம்மா இதில் சரியாக உட்காரமாட்டார். அவருக்குப் பொருத்தமான அளவுகோல் வேறொன்று. 1974ல் டெல்லகன், அட்கின்சன் என்ற இரு ஆய்வாளர்கள், யார் எளிதில் ஹிப்னாடிசத்துக்கு வசப்படுகிறார்கள் என்று தேடப்போய் ஒரு பண்பைக் கண்டெடுத்தார்கள். ஒன்றைப் பார்த்தால் அதிலேயே முழுக்க ஆழ்ந்துபோகும் தன்மை. மார்க் டேவிஸ் 1980களில் வகுத்த பரிவு அளவுகோலிலும் இதற்குப் பக்கத்தில் ஒரு பகுதி உண்டு: கதை மாந்தரின் இடத்தில் தன்னைப் போட்டுப் பார்க்கும் வழக்கம் ஒருவருக்கு எவ்வளவு என்று கேட்பது. 2000ல் கிரீன், பிராக் இருவரும் கதைக்குள் ஆள் 'கொண்டுபோகப்படுவதை' அளந்து, அப்படிப் போனவர்களின் கருத்துகள் கதையின் பக்கம் சாய்வதைக் காட்டினார்கள். மூன்றிலும் பெரியம்மா முழு மதிப்பெண் வாங்குவார். எறிவது, பிடிப்பது என்ற வேலையெல்லாம் அவருக்கு இடைஞ்சல்.

வெள்ளைக்காரர்களுக்கு முன்பே நம்மவர்களுக்கும் இது தெரியும். நாட்டிய சாஸ்திரத்தின் இருபத்தேழாம் அத்தியாயம், கூத்துப் பார்க்க வருகிறவர்களைத் தரம் பிரிக்கிறது. இளவட்டங்களுக்குக் காதல் காட்சி, வீரர்களுக்குச் சண்டை, முதியவர்களுக்குப் புராணம், பணம் தேடுகிறவர்களுக்குப் பொருள் பற்றிய பேச்சு, பற்று விட்டவர்களுக்கு வீடுபேறு. ஆளுக்கு ஆள் சுவை வேறு என்பதை அந்த நூல் வெட்கப்படாமல் ஒப்புக்கொள்கிறது. இன்றைய கதைப் படத் தயாரிப்பாளர்களுக்கு அந்த நிதானம் இல்லை.

பேரனிடம் இதைப் பற்றிப் பேசினேன். 2018 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸ் வெளியிட்ட 'பாண்டர்ஸ்நாட்ச்' படத்தை அவன் நண்பன் லேப்டாப்பில் பார்த்திருக்கிறான். நாயகன் காலையில் எந்த சீரியல் சாப்பிட வேண்டும் என்பதிலிருந்து நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பத்து விநாடிதான். அதற்குள் தொடாவிட்டால் படம் தானே ஒன்றைத் தேர்ந்துகொண்டு நகர்ந்துவிடும். "எனக்குப் புடிச்சிச்சு சித்தப்பா. எத்தனை முடிவு இருக்குன்னு கண்டுபுடிக்கிறதுக்காகவே திரும்பத் திரும்பப் பாத்தேன். அம்மா பக்கத்துல உக்காந்து பாத்தாங்க. தப்பாத் தொட்டுட்டா அந்தப் பையன் செத்துருவானான்னு கேட்டு எழுந்து போயிட்டாங்க."

அண்ணி எழுந்து போனதைக் குறை சொல்வதற்கில்லை. தேர்வு என்பது சிலருக்கு அதிகாரம், சிலருக்குப் பாரம். 1967ல் மாண்ட்ரீல் கண்காட்சியில் செக்கோஸ்லோவாக்கியா நாட்டு அரங்கில் 'கினோஆட்டோமேட்' என்று ஒரு படம் காட்டினார்கள். ஒவ்வொரு இருக்கையிலும் சிவப்பு, பச்சை என இரண்டு பொத்தான். படம் நின்றதும் மேடைக்கு ஒரு ஆள் வந்து கேட்பார், கூட்டம் அமுக்கும், அதிக வாக்கு விழுந்த பாதையில் கதை போகும். இயக்குநர் ராதூஸ் சின்செராவின் குறும்பு என்னவென்றால், எந்தப் பொத்தானை அமுக்கினாலும் கட்டடம் தீப்பிடித்துத்தான் எரியும். மாங்கனியிலும் அப்படியே, நீங்கள் எத்தனை பழம் எறிந்தாலும் புனிதவதி பேயாகத்தான் ஆவாள். வித்தியாசம் ஒன்றுதான். மாண்ட்ரீலில் எல்லாருக்கும் கொடுத்த வேலை ஒன்றே, பொத்தான் அமுக்குவது. முடிவெடுப்பதில் ருசி உள்ளவனுக்கு அது விருந்து, மற்றவர்களுக்குப் பரீட்சை. காரைக்காலில் கொடுக்கலாம், எறியலாம், பிடிக்கலாம், பொறுக்கலாம், குறை சொல்லலாம், சும்மா நின்று அழலாம். எதைச் செய்தாலும் கதைக்குள்தான் இருக்கிறோம். வடதமிழ்நாட்டுக் கூத்தில் அர்ச்சுனன் தபசு அன்று நடிகர் மரமேறி மேலிருந்து எலுமிச்சை, விபூதி எல்லாம் போடுவார், குழந்தை வரம் கேட்கும் பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். அங்கேயாவது எறிய ஒரு நடிகர் வேண்டும். இங்கே அதுவும் கிடையாது. எறிகிறவரும் சனம், பிடிக்கிறவரும் சனம்.

சாயங்காலம் அமுது படையலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு விழிதியூர் திரும்பினோம். சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்ததும் நான் ஒரு கேள்வி போட்டேன். இந்தக் கதையை ஒரே ஒரு இடத்தில் திருப்பலாம் என்றால் எங்கே திருப்புவீர்கள்?

அண்ணிதான் முதலில். "ரெண்டாவது பழத்தக் கேட்டப்போ, 'ஒரு பெரியவர் பசியோட வந்தாரு, குடுத்துட்டேங்க'ன்னு சொல்லியிருக்கலாம். அதுல என்ன தப்பு? சொல்லாம உள்ள போனதுனாலதான் இவ்வளவும்." சண்டை வருவதற்கு முன்பே அதை அணைத்துவிடும் கை அது. அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "அவன் கப்பல் ஏறினான் பாரு, அங்க. கூட்டாளி ஒருத்தன் கூடவா இல்ல, தோள்ல கைபோட்டு, 'டேய் வாடா வீட்டுக்கு'ன்னு இழுத்துட்டு வர?" கதையில் பரமதத்தனுக்கு நண்பனே இல்லை என்பது எனக்கு அதுவரை தோன்றியதில்லை. பேரன் திருப்பிய இடம், இன்னொரு பழம் வரவழை என்று கேட்கும் இடம். "வந்துச்சு, கையில பட்டதும் மறைஞ்சிச்சு. சரி. அவ கையிலயே வச்சு ஊட்டிவிட்டிருந்தா மறைஞ்சிருக்குமா? அதை ஏன் யாரும் செஞ்சு பாக்கல?" புதுமை நாட்டம் உள்ளவன் சோதனையை மாற்றிப் பார்க்கச் சொல்கிறான். பேத்தி, "மூணு பழம் அனுப்பிச்சிருக்கலாம்" என்றாள். கணக்குப்படி அதுதான் குறைந்த செலவில் பெரிய மாற்றம்.

பெரியப்பா எல்லாருக்கும் முன்னால் போய்விட்டார். "அந்த ரெண்டு பழத்தயும் குடுத்தான் பாரு ஒரு ஆளு, அவன் முன்னாடியே ஒன்ன நறுக்கித் தின்னுட்டு மிச்சத்த அனுப்பியிருந்தா, கதையே கிடையாது. பொண்ணும் பொழைச்சிருக்கும்." எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. காலையெல்லாம் நசுங்கலைப் பற்றிப் புலம்பிய மனிதர். அந்தப் பெண்ணின் வாழ்க்கை வீணாகிவிட்டது என்ற கோபத்தை இத்தனை வருஷமாக வைத்திருக்கிறார் போல. கேலியாகப் பேசுகிறவரைக் கதையில் ஒட்டாதவர் என்று வினாத்தாள் குறித்துக்கொள்ளும். அவருக்கு அது ஒட்டிக்கொள்ளும் முறை.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை, ஏனென்றால் சுபாவத்தை வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிடும் ஆசை எழுத்தாளனுக்கு லேசில் வரும். வேனில் அண்ணியின் தங்கையும் வந்திருந்தார். நாள் முழுக்க என்னோடு பேசியது இரண்டு வார்த்தை இருக்குமா என்பது சந்தேகம். கூட்டம் என்றாலே ஒதுங்கும் பெண் என்று அண்ணி சொன்னார். ஆனால் அன்று காலை சப்பரம் கடந்ததும் அவர் மாடியில் இல்லை. கீழே, நெரிசலின் நடுவே, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கல்யாணமாகிச் சில வருஷம் ஆகிறது. மாங்கனித் திருவிழாவில் மடியில் விழும் பழத்தைச் சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. அண்ணன் அவருக்கு முன்னால் கை விரித்து நின்று கூட்டத்தைத் தடுத்துக்கொண்டிருந்தார். மேலிருந்து அண்ணி குறிபார்த்துப் போட்டார். எந்தப் பண்பின் எந்த மதிப்பெண் அந்தப் பெண்ணை அங்கே நிறுத்தும்? 1968ல் வால்டர் மிஷெல் இதைத்தான் கேட்டார். ஆளின் பண்புக்கும், ஒரு குறிப்பிட்ட சூழலில் அவர் செய்யும் காரியத்துக்கும் இருக்கும் தொடர்பை அளந்தால் பெரும்பாலும் 0.30க்கு மேல் போவதில்லை என்று எழுதி, சுபாவ ஆராய்ச்சி செய்தவர்களின் தூக்கத்தைக் கெடுத்தார். பிறகு வந்தவர்கள் அவருக்கு மறுப்பும் எழுதினார்கள். பல நாள் நடத்தையைச் சேர்த்துப் பார்த்தால் சுபாவம் தெளிவாகவே தெரிகிறது என்று. இரண்டும் உண்மையாக இருப்பதில் எனக்குச் சிக்கல் ஏதும் தெரியவில்லை. ஒதுங்கும் பெண் வருஷத்தில் மற்ற நாளெல்லாம் ஒதுங்கித்தான் இருப்பார்.

இன்னொன்றும் உண்டு. மாடியில் நிற்பதும் தெருவில் நிற்பதும் முழுக்கச் சுபாவம் பார்த்து அமைவதில்லை. பாரதியார் வீதியில் மாடி வீடு யாருக்கு இருக்கிறது, அந்த மாடிக்குப் போக யாருக்குப் பழக்கம் இருக்கிறது என்பது பணமும் உறவும் சேர்ந்த கணக்கு. கீழே சாக்குப் பை வைத்துக்கொண்டு, விழுந்து நசுங்கியதையும் விடாமல் பொறுக்கிய ஒரு பெரியவரைப் பார்த்தேன். அவருடைய ஈடுபாட்டை எந்தப் பண்பில் சேர்ப்பது? கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் ஆளுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ஆய்வு முடிவுகள் அவ்வளவு பளிச்சென்று வருவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் சந்தேகம்.

திண்ணையில் பேச்சு பரமதத்தன் மேல் திரும்பியது. ஓடிப்போனவன் கோழை என்று அண்ணன். பிறந்த பெண்ணுக்கு அவள் பேரையே வைத்தவன் எப்படிக் கெட்டவன் ஆவான் என்று அண்ணி. மனைவியைத் தெய்வம் என்று விழுந்து கும்பிடுவது அவளோடு குடித்தனம் நடத்துவதிலிருந்து தப்பிக்கும் வழி என்று பேரன். அதற்கு அண்ணியின் தங்கை நிமிர்ந்து பார்த்தார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. சினிமாவில் முத்துராமன் நடித்ததால்தான் நமக்கு அவன்மேல் இரக்கம் வருகிறது என்றார் பெரியப்பா. 1973ல் ஏ.பி. நாகராஜன் எடுத்த 'காரைக்கால் அம்மையார்' படம். லட்சுமி புனிதவதியாகவும் கே.பி. சுந்தராம்பாள் அம்மையாராகவும் நடித்தது.

பெரியம்மா மட்டும் பதிலே சொல்லவில்லை. "நீங்க எங்க பெரியம்மா திருப்புவீங்க?" என்று மறுபடி கேட்டேன்.

"திருப்புறதா? எதுக்கு?" என்றார். என்ன கேட்கிறேன் என்பதே அவருக்குப் பிடிபடவில்லை. நான் விளக்கப் போனேன். கையமர்த்திவிட்டு மகனிடம் திரும்பினார். "விடியக்காலம் கயிலைக்குப் போற காட்சிக்கு வேன எத்தன மணிக்கு வரச் சொல்லியிருக்க?"

"யம்மா, இப்பத்தான வந்தோம்" என்றார் அண்ணன்.

"அதான் கேக்குறேன். எத்தன மணிக்கு?"

மூன்று மணிக்கு வரச் சொல்லி டிரைவருக்குப் போன் போட்டார்கள். முன்சீட்டு தனக்குத்தான் என்று பெரியப்பா இப்போதே சொல்லி வைத்துக்கொண்டார்.